கண்ணுக்குத் தெரியாத இடத்துச் சிமெண்ட்

புதுக்கோட்டை மாவட்டத்தில் போர் போடுவது மேற்கே ஒரு வேலை, கிழக்கே வேறு வேலை. விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல், பொன்னமராவதி பக்கம் மேல்மண்ணும் உதிரிப் பாறையும் சில பத்து அடிகளில் முடிந்துவிடும். அதன் பிறகு கருங்கல்தான். பாறைக்குள் போட்ட துளை தானாக நிற்கும். மேல்மண் சரியாமல் இருக்க மட்டும் கேசிங் பைப் இறக்கினால் போதும். ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி பக்கம் வந்தால் செம்மண், செம்பாறாங்கல், களி, மணற்பாறை என்று அடுக்கடுக்காகக் கீழே போகும். அங்கே துளை தானாக நிற்காது. பைப்பை அடிவரை இறக்கியாக வேண்டும்.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. துளை எப்போதும் பைப்பைவிடப் பெரியது. இல்லாவிட்டால் பைப் இறங்காது. ஆகவே பைப்பின் வெளிச்சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே வளையம் போல ஓர் இடைவெளி நிற்கும். ரிக் வண்டிக்காரர் அடிக்கணக்கில் கூலி வாங்குகிறார். பைப்புக்குத் தனிக் கணக்கு. மோட்டாருக்குத் தனிக் கணக்கு. இந்த இடைவெளிக்கு மட்டும் யாரும் கணக்கு எழுதுவதில்லை. துளையிலிருந்து வந்த மண்ணையே காலால் தள்ளி மூடிவிட்டு வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். மழை பெய்ததும் மாட்டுக் கொட்டகைத் தண்ணீரும் வயலில் போட்ட யூரியாவும் பக்கத்து செப்டிக் டேங்கின் கசிவும் அந்தத் தளர்ந்த மண் வழியாக, பைப்பைப் பிடித்துக்கொண்டு, நேராக நிலத்தடி நீருக்கு இறங்குகின்றன. முன்னூறு அடி ஆழத்துத் தண்ணீர் என்று நம்பிக் குடிப்பவர் முதல் இருபது அடியை யோசிப்பதே இல்லை.

அந்த இருபது அடியை அடைக்க எவ்வளவு செலவாகும்? துளை பத்து அங்குலம், பைப்பின் வெளிவிட்டம் ஏழு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளத்துக்கு இடைவெளியின் கொள்ளளவு சுமார் 26 லிட்டர். இருபது அடிக்கு ஏறக்குறைய 160 லிட்டர். ஒரு மூட்டைச் சிமெண்டை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 36 லிட்டர் கரைசல் கிடைக்கும். ஆக, நாலரை மூட்டை. லட்சக்கணக்கில் போகிற போர் செலவில் இது கடலை உருண்டைக் காசு. ஆனால் மேலிருந்து கொட்டிவிடக் கூடாது. கொட்டினால் பாதியிலேயே கெட்டியாக அடைத்துக்கொண்டு அதன் கீழே காற்றும் சேறும் நிற்கும். ஒரு சின்னக் குழாயை இடைவெளியின் அடிவரை விட்டு, அடியிலிருந்து மேலாக நிரப்பிக்கொண்டு வர வேண்டும்.

கட்டடக்காரர்கள் சிமெண்ட் பால் என்பதும், பொறியாளர்கள் கிரவுட் என்பதும் இந்தக் கரைசலைத்தான். சில வேலைகளில் சலித்த மணலும் சேரும், ஜல்லி சேராது. கான்கிரீட்டிலிருந்து இதைப் பிரிப்பது இதன் கலவை விகிதம் அல்ல, இதன் வேலை. கான்கிரீட் ஒரு பாரத்தைத் தாங்க நிற்கிறது. நாம் அதைப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம், தேன்கூடு போல ஓட்டை விழுந்திருந்தால் கொத்தனாரைத் திட்டலாம். கிரவுட் ஏற்கெனவே நிற்கிற இரண்டு பொருட்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்துக்குள் ஓடிப் போய் இறுகுகிறது. போன இடம் தெரியாது, நின்ற இடம் தெரியாது. அதனால் இந்தத் தொழிலில் முதல் கேள்வி எவ்வளவு வலிமை என்பதல்ல, முழுக்க நிரம்பிற்றா என்பதுதான். சிமெண்ட் விளம்பரங்கள் நமக்கு வலிமையை மட்டுமே சொல்லிக்கொடுத்திருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதுக்கோட்டைக்கு வரும் சிமெண்டில் கணிசமான பங்கு அரியலூர், டால்மியாபுரம் சுண்ணாம்புக்கல்லிலிருந்து பிறக்கிறது. டைனோசர் காலத்துக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து உண்டான கல் அது. அதைக் களிமண்ணோடு சேர்த்துச் சுமார் 1450 டிகிரி வெப்பத்தில் சுட்டு அரைத்தால் கால்சியம் சிலிகேட்டுகள் நிறைந்த சாம்பல் பொடி கிடைக்கிறது. தண்ணீர் பட்டதும் அந்தச் சிலிகேட்டுகள் நீரைத் தமக்குள் இழுத்துப் புதிய பொருளாக மாறுகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் இழையும் தகடுமாகப் பின்னிக் கிடக்கும் ஒரு கூழ்மம். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, நீரைக் குடித்து இறுகுகிறது. அதனால்தான் தண்ணீருக்கு அடியிலும் இறுகும். கிரவுட் என்ற தொழிலே இந்த ஒரு குணத்தின் மேல் நிற்கிறது. காற்று புகாத பாறைப் பிளவுக்குள் சாதாரணச் சுண்ணாம்பு இறுக வழியில்லை, அதற்குக் காற்றிலுள்ள கரியமில வாயு வேண்டும்.

எவ்வளவு நீர் குடிக்கும்? வேதிவினைக்கு மட்டும் சிமெண்டின் எடையில் கால் பங்கு போதும். கூழ்மத்தின் நுண்துளைகளில் சிக்கி நிற்கும் நீரையும் சேர்த்தால் நூற்றுக்கு நாற்பது பங்கை ஒட்டி வரும். அதாவது 50 கிலோ மூட்டைக்கு 20, 21 லிட்டர். அதற்கு மேல் ஊற்றும் தண்ணீர் கலவையை ஓட வைக்கிறதே தவிர இறுக வைப்பதில்லை. இங்கேதான் கட்டடத் தொழிலின் பழைய வியாதி வருகிறது. குழாயில் போகவில்லை, பம்ப் திணறுகிறது என்றால் உடனே ஒரு குரல்: “இன்னும் ரெண்டு மக்கு ஊத்துப்பா.” மூட்டைக்கு 50 லிட்டர் வரை ஊற்றினால் 66 லிட்டர் கரைசல் கிடைக்கும், பார்க்க லாபம்தான். ஆனால் அதில் சுமார் 29 லிட்டர் எந்தச் சிமெண்டோடும் சேராத நீர். அது வெளியேறினால் அந்த அளவுக்கு ஓட்டை. நிரப்பப் போனவர் கிட்டத்தட்டப் பாதி வெற்றிடத்தையே உள்ளே வைத்துவிட்டு வருகிறார்.

அந்த நீர் உடனே தன்னைக் காட்டிக்கொள்ளும். சிமெண்ட் துகள் நீரைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. நீர்த்த கரைசலை ஒரு கண்ணாடிச் சாடியில் வைத்துவிட்டு டீ குடித்து வந்து பாருங்கள்: அடியில் சாம்பல் வண்டல், மேலே தெளிந்த நீர். கட்டடத்துக்குள்ளும் இதேதான் நடக்கிறது. இயந்திரத்தின் அடித்தகட்டுக்குக் கீழே ஊற்றினால் தெளிந்த நீர் சரியாகத் தகட்டின் அடியில் போய் நிற்கும். எந்த இடம் நிரம்ப வேண்டுமோ அந்த இடத்தில். நீர் ஆவியானதும் தகடு அந்தரத்தில்.

இதோடு சிமெண்டுக்குப் பிறவியிலேயே ஒரு சுருக்கமும் உண்டு. நீரும் சிமெண்டும் சேர்ந்து உண்டாகும் பொருள், சேர்வதற்கு முன் அவை இரண்டும் பிடித்த இடத்தைவிடக் கொஞ்சம் குறைவான இடத்தையே பிடிக்கும். நூறு கிராம் சிமெண்டுக்கு ஆறு மில்லி லிட்டர் என்பது தோராயமான கணக்கு. மூட்டைக்கு மூன்று லிட்டர். இதில் பெரும்பங்கு உள்ளே நுண்துளைகளாக ஒளிந்துகொள்ளும், ஒரு பங்கு வெளியே விளிம்பில் மயிரிழைப் பிளவாகத் தெரியும். இதைச் சமாளிக்க இரண்டு உபாயங்கள் உள்ளன. ஒன்று, மூட்டைக்குச் சில கிராம் அலுமினியத் தூள். சிமெண்டின் காரத்தில் அது வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழிகளை விடும். கரைசல் இறுகுவதற்குள் இட்லி மாவு போலப் பொங்கி மூலைகளுக்குள் ஏறும். இரண்டாவது, இறுகிய பிறகு ஊசி வடிவப் படிகங்களை வளர்த்து இலேசாக விரிந்துகொடுக்கும் தனிவகைச் சிமெண்ட். கடையில் சுருங்காத கிரவுட் என்று 25 கிலோ பையில் விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த உபாயங்களில் ஒன்றையோ இரண்டையுமோ கொண்டவை. பையின் மேல் அச்சிட்ட தண்ணீர் அளவை மீறினால் உபாயமும் பலிக்காது. அந்த விலைகொடுத்து வாங்கிவிட்டு வாளியால் தண்ணீர் அளப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். காசை நேராகத் தண்ணீரில் கரைப்பது என்பது இதுதான்.

சித்திரை வெயில் இன்னொரு எதிரி. நாற்பது டிகிரியைத் தொடும் பகலில் வினை வேகமாக நடக்கும், குழாய்க்குள்ளேயே கெட்டிப்படும். கெட்டிப்பட ஆரம்பித்ததை மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறுவது, பின்னத் தொடங்கிய கூழ்மத்தை அறுத்துவிடுகிற வேலை. காலையில் செய்வது, தொட்டித் தண்ணீரை நிழலில் வைப்பது, கரைத்ததை அரை மணிக்குள் முடிப்பது என்பதைத் தவிர மலிவான வழி கிடையாது.

கரைசல் நன்றாக இருந்தும் உள்ளே போகாமல் நிற்பதுண்டு. காரணம் எளிது: துகள் பெரிது, வாசல் சிறிது. சாதாரணச் சிமெண்டின் நயத்தை இந்தியத் தரப்படி 90 மைக்ரான் சல்லடையில் சோதிக்கிறார்கள். நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை அதில் தங்கலாம். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய அவ்வளவுதான். பிளவின் அகலம் பெரிய துகளைப் போலக் குறைந்தது மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது அனுபவ விதி. இல்லாவிட்டால் இரண்டு மூன்று துகள்கள் வாசலில் தோள் முட்டி வளைவு கட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். ஆகவே கால் மில்லி மீட்டருக்குக் குறைந்த பிளவுக்குள் சாதாரணச் சிமெண்ட் போகாது, எவ்வளவு அழுத்தினாலும். தண்ணீர் மட்டும் வடிகட்டப்பட்டு உள்ளே போகும். கூரைக் கான்கிரீட்டின் மயிரிழை வெடிப்பில் சிமெண்ட் பால் தடவுகிறவர்கள் செய்வது வெள்ளையடிப்பு. அதற்கு மிக நுண்ணிய சிமெண்டோ எப்பாக்ஸி பிசினோ வேண்டும்.

அழுத்தத்துக்கும் எல்லை உண்டு. பாறையில் துளையிட்டுக் கிரவுட் செலுத்தும்போது ஒரு அடி ஆழத்துக்குச் சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு என்பது பழைய அமெரிக்க விதி. மேலே கிடக்கும் பாறையின் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான். அதைத் தாண்டினால் கரைசல் பிளவை நிரப்புவதற்குப் பதிலாகப் பாறையைத் தூக்கிப் புதிய பிளவை உண்டாக்கும். செலுத்துவதற்கு முன் வெறும் தண்ணீரை அழுத்திப் பார்க்கும் வழக்கத்தை 1933இல் சுவிஸ் நாட்டு நிலவியலாளர் மொரிஸ் லூஜான் ஒழுங்குபடுத்தினார்: பத்து வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மீட்டர் துளை நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது? இன்றும் அணைக்கட்டு வேலைகளில் அவர் பெயரே அலகு.

தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த கிரவுட் கதை ஒன்று உண்டு, அந்தப் பெயரில் அல்ல என்றாலும். 1887 முதல் 1895 வரை பென்னிகுக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் உட்பகுதி சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கல்லும் சேர்ந்த கலவை. நாம் இதுவரை பேசிய போர்ட்லண்ட் சிமெண்டை இந்தியா தானே செய்யத் தொடங்காத காலம். சென்னையில் 1904இல்தான் கடற்சிப்பியை வைத்து முதல் முயற்சி நடந்தது, அதுவும் நீடிக்கவில்லை. அணைக்குள் கசிந்து வெளியேறும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போகும். போன இடத்தில் துளை பெரிதாகும். அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கசியும். 1930களிலும் மறுபடி 1960களிலும் அணையின் உடலில் துளையிட்டுச் சிமெண்ட் கரைசல் செலுத்தினார்கள். கசிவு குறைந்தது.

ஆனால் அது ஒரு எடை அணை. தண்ணீரின் தள்ளுதலைத் தன் கனத்தால் மட்டுமே எதிர்த்து நிற்பது. கிரவுட் ஓட்டையை அடைக்கும், அடியிலிருந்து மேலே தூக்கும் நீரழுத்தத்தையும் குறைக்கும். கனத்தைப் பெரிதாகக் கூட்டாது. ஆகவே 1979இல் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கிய பிறகு செய்த வேலைகள் வேறு வகை: உச்சியில் கான்கிரீட் தொப்பி, பின்பக்கம் கான்கிரீட் முட்டு, அணையைத் துளைத்து அடிப்பாறை வரை இறக்கிய எஃகு வடங்கள். அந்த வடங்களைப் பாறையோடு பிடித்து நிறுத்துவது மறுபடியும் சிமெண்ட் கிரவுட்தான். 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இலும் 2014இலும் சொன்னதற்குப் பின்னால் இந்தப் பலப்படுத்தும் பணிகள் இருந்தன. இரு மாநில மேடைகளில் அணை உடையும், உடையாது என்று பேசுகிறவர்களில் எத்தனை பேர் இந்த மூன்று வேலைகளையும் பிரித்துப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

நம் கண்மாய்க் கரைக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. கரை மண், ஈரத்தில் ஊதும், கோடையில் சுருங்கும், ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் அமரும். அதற்குள் சிமெண்டைச் செலுத்தினால் அசைகிற உடலுக்குள் அசையாத ஓர் எலும்பு. கரை அமரும்போது அதன் ஓரமாகவே புதிய வழி திறக்கும், தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்ளும். 1802இல் பிரான்சின் தியெப் துறைமுகத்தில் சார்ல் பெரிஞ்ஞி என்ற பொறியாளர் பழுதான மதகின் அடியில் செலுத்தியது களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த கரைசல். கிரவுட் வரலாற்றில் எழுதிவைத்த முதல் வேலை அதுவே. மண் கரைக்கு இன்றும் களியோ, களியில் சிறிது சிமெண்ட் சேர்த்ததோதான் ஏற்றது. மடைக்கல்லுக்கும் கலிங்குக் கட்டுமானத்துக்கும் சிமெண்ட் பால், கரைக்கு வேண்டாம்.

மாவட்டத்தில் கிரவுட் மிகக் கண்டிப்போடு செய்யப்படும் இடம் தொழிற்சாலைத் தரை. திருமயத்தில் பெல் நிறுவனத்தின் மின்நிலையக் குழாய்த் தொழிற்சாலை 2013 ஆகஸ்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இத்தகைய ஆலைகளில் கனமான இயந்திரத்தைக் கான்கிரீட் அடித்தளத்தின் மேல் நேரடியாக வைப்பதில்லை. ஆப்புகளில் நிறுத்தி, மட்டம் பார்த்து, அடித்தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே விட்ட ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் இடைவெளியில் சுருங்காத கிரவுட்டை ஊற்றுவார்கள். ஊற்றுவது ஒரு பக்கத்திலிருந்து மட்டும்; எதிர்ப்பக்கத்தில் வழியும்வரை நிறுத்தக் கூடாது. இரண்டு பக்கமும் ஊற்றினால் நடுவில் காற்று சிறைப்படும். பழைய கான்கிரீட்டை முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்து, ஊற்றும்போது மேலே நீர் தேங்காமல் துடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் காய்ந்த கான்கிரீட் கிரவுட்டின் நீரை உறிஞ்சிவிடும்.

பாலங்களில் பங்கு வேறு. முன்னழுத்தக் கான்கிரீட் உத்தரங்களுக்குள் எஃகு வடங்கள் குழாய்களுக்குள் ஓடுகின்றன. அவற்றை இழுத்துப் பிடித்தபின் குழாயைச் சிமெண்ட் கரைசலால் நிரப்புவார்கள். இங்கே கிரவுட் காரத்தன்மையால் எஃகைத் துருவிலிருந்து காக்கும் மருந்து. வேல்ஸ் நாட்டில் இனிஸ்-இ-குவாஸ் என்ற பாலம் 1985 டிசம்பரில் வாகனமே மேலே இல்லாத நேரத்தில் விழுந்தது. இணைப்புகள் வழியே இறங்கிய உப்புநீர் வடங்களை அரித்திருந்தது. நிரம்பாத குழாய்கள் பற்றிய கவலை வளர்ந்து 1992இல் பிரிட்டன் இவ்வகைப் புதிய பாலங்களையே சில ஆண்டுகள் நிறுத்திவைத்தது.

இனி சிமெண்ட் கைவைக்கக் கூடாத இடம். சித்தன்னவாசல் குடைவரையின் கூரையில் தாமரைக் குளம் தீட்டப்பட்டிருப்பது பாறையின் மேல் நேரடியாக அல்ல. சில மில்லி மீட்டர் தடிமனுள்ள சுண்ணாம்புக் காரையின் மேல். சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்த எஸ். பரமசிவன் 1930களில் அந்தக் காரையையும் நிறங்களையும் ஆராய்ந்தார். பாறைக்கும் காரைக்கும் நடுவே பிடிப்பு விட்ட இடத்தை நிரப்புவது ஓவியப் பாதுகாப்பில் வழக்கமான வேலைதான், ஊசியால் செலுத்துகிறார்கள். அதுவும் கிரவுட்டிங்தான். ஆனால் சுண்ணாம்பு சார்ந்த மெல்லிய கரைசல். சிமெண்டில் கரையக்கூடிய கார உப்புகள் உண்டு. ஈரம் அவற்றைச் சுமந்து மேற்பரப்புக்கு வந்து ஆவியாகும், உப்பு படிகமாகி வண்ணத்தை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கும். ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து தாக்குப்பிடித்ததைச் சில ஆண்டுகளில் முடித்துவிடலாம்.

இராயவரம், கோனாபட்டு முதலிய ஊர்களின் செட்டிநாட்டு வீடுகளிலும் இதே தவறு சிறிய அளவில் நடக்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் மூச்சுவிடும். மழைக்கு ஈரத்தை வாங்கி வெயிலுக்கு விட்டுவிடும். வெடிப்பில் சிமெண்ட் பாலை ஏற்றிவிட்டால் அந்த இடம் மட்டும் சுற்றியுள்ள சுவரைவிடப் பல மடங்கு விறைப்பாகவும் நீர் புகாததாகவும் ஆகிவிடும். வெயிலில் சுவர் விரிந்து சுருங்கும்போது பழைய வெடிப்புக்குப் பக்கத்தில் புதிய வெடிப்பு. வெளியேற முடியாத ஈரம் பக்கத்துச் செங்கல்லைப் பொரியவைக்கும். ஜிப்சம் கலந்த பழைய பூச்சு இருந்தால் சிமெண்டோடு வினைபுரிந்து ஊதும். கோயில் திருப்பணிகளில் கல் இணைப்புகளைச் சிமெண்டால் அடைப்பவர்களுக்கும் இது பொருந்தும். பழைய சுவரை நிரப்பச் சுண்ணாம்புக் கிரவுட் இருக்கிறது; மெதுவாக இறுகும், குறைவாகத்தான் வலுக்கும். வேண்டியதும் அதுதான்.

கடைசியாக நெடுவாசல். 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவை நாடு முழுவதும் சிறு எண்ணெய், எரிவாயு வயல்கள் அடங்கிய 31 ஒப்பந்தப் பகுதிகளைக் கொடுக்க ஒப்புதல் அளித்தது. அவற்றில் ஒன்று ஆலங்குடி வட்டத்து நெடுவாசல். மறுநாளே போராட்டம் தொடங்கியது. வடகாடு, நல்லாண்டார்கொல்லை, கோட்டைக்காடு என்று சுற்றுவட்டாரமே திரண்டது. அங்கே அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஓஎன்ஜிசி துளையிட்ட சோதனைக் கிணறுகள் இருந்தன. மக்கள் கேட்ட கேள்விகளில் முதன்மையானது: எங்கள் போர் தண்ணீர் கெடுமா? எண்ணெய்த் துறை இத்தகைய கேள்விக்கு எங்கும் சொல்லும் பதில்: எரிவாயு மிக ஆழத்தில் இருக்கிறது, குடிநீர் மேலே இருக்கிறது, நடுவில் எஃகுக் குழாயும் சிமெண்டும் பிரித்து நிற்கின்றன. இந்தப் பதிலின் முழுப் பாரமும் எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். குழாய்க்கும் துளைச்சுவருக்கும் இடையே சில அங்குல வளையத்தில் நிற்கும் கிரவுட்டின் மேல்.

அந்த வேலை வீட்டுப் போர் போன்றதல்ல, மிகத் தேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எண்ணெய்க் கிணற்றுச் சிமெண்டுக்கென்று இந்தியாவில் தனித் தரமே இருக்கிறது. கரைசலைக் குழாயின் உட்புறம் வழியாகக் கீழே செலுத்தி, அடியில் திரும்பி, வெளிவளையத்தில் மேலேற வைக்கிறார்கள். கரைசலும், துளையிடும்போது உள்ளே நிற்கும் சேறும் கலந்துவிடாமல் முன்னும் பின்னும் இரப்பர் அடைப்பான்கள் போகும். 1910 அளவில் கலிபோர்னியாவில் பெர்கின்ஸ் என்பவர் கொண்டுவந்த முறை. ஆழம் கூடக்கூட, கிலோமீட்டருக்குப் பொதுவாக 25, 30 டிகிரி வெப்பம் ஏறும். பாதி வழியில் இறுகாமலிருக்கத் தாமதிக்கும் மருந்துகள் சேர்ப்பார்கள். இறுகியபின் ஒலி அலைகளை அனுப்பிக் குழாயைச் சிமெண்ட் பிடித்திருக்கிறதா என்று பதிவெடுப்பார்கள். கைவிடும் கிணற்றில் பல ஆழங்களில் சிமெண்ட் அடைப்புகள் வைப்பார்கள்.

இத்தனைக்குப் பிறகும் தவறுகிறது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மக்கோண்டோ கிணறு வெடித்துப் பதினொரு பேர் இறந்தார்கள். அடியில் போட்ட சிமெண்ட் வாயுவைத் தடுக்கத் தவறியது விசாரணையில் முதற்காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அது உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள் செய்த வேலை. பேரழிவு இல்லாமலும் தவறலாம்: குழாய்க்குள் அழுத்தமும் வெப்பமும் ஏறி இறங்கும்போது எஃகு விரிந்து சுருங்கும், சிமெண்ட் அவ்வாறு விரியாது, இரண்டுக்கும் நடுவே மயிரிழை வளையம் திறக்கும். சேறு சரியாகக் கழுவப்படாத இடத்தில் சிமெண்ட் பிடிக்காது. குழாய் நடுவில் நிற்காமல் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் ஒடுங்கிய பக்கத்துக்குக் கரைசல் போகவே போகாது. வாயுவுக்கு மயிரிழையே ராஜபாட்டை.

ஆகவே நெடுவாசல் விவசாயியின் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிய தொலைக்காட்சி வல்லுநர்கள்மீது எனக்கு மரியாதை இல்லை. அது துல்லியமான பொறியியல் கேள்வி. எல்லாக் கிணறும் கசியும் என்பது மிகை. ஒன்றும் கசியாது என்பதும் மிகை. ஒவ்வொரு கிணற்றின் சிமெண்டும் எப்படி விழுந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. 2020 பிப்ரவரியில் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இம்மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்களைச் சேர்த்துக்கொண்டது. 2021 ஜூனில் இம்மாவட்டத்து வடதெரு எண்ணெய், எரிவாயு வயல் ஏலப் பட்டியலில் வந்தபோது முதலமைச்சர் எதிர்ப்புத் தெரிவித்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சட்டம் புதிய துளைகளைத் தடுக்கலாம். ஏற்கெனவே போட்ட துளைகளுக்குள் நிற்கும் சிமெண்டை அது ஒன்றும் செய்வதில்லை; அந்தச் சிமெண்டுக்கு ஆண்டுதோறும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

எனவே ஒரு கோரிக்கை. இம்மாவட்டத்தில் துளையிட்ட ஒவ்வொரு எண்ணெய்க் கிணற்றுக்கும் எந்த ஆழத்தில் எந்தக் குழாய், எவ்வளவு சிமெண்ட் கரைசல், ஒலிப்பதிவில் பிடிப்பு எப்படி, கைவிட்டிருந்தால் அடைப்புகள் எந்தெந்த ஆழத்தில் என்ற விவரங்களை அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் வைக்க வேண்டும். சுற்றியுள்ள போர்களின் தண்ணீரில் மீத்தேனும் உப்பும் இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, முடிவையும் அதே சுவரில் ஒட்ட வேண்டும். இரண்டுக்கும் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.